நோட்டீஸ் ஒட்டிய சுவர்

“உனக்கென்னடி, உன் வீட்டுல நோட்டீஸ் ஒட்டியிருக்கு. என் வீடு வெறும் செங்கல்லுலதான நிக்குது” என்று ஏழாம் நம்பர் டவுன் பஸ்ஸில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு பெண், மடியிலிருந்த முருங்கைக்கீரைக் கட்டை ஈரத்துணியால் மூடிக்கொண்டே பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். கேட்டவள் சிரிக்கவில்லை. “நீயும் யாரையாச்சும் விட்டு ஒரு புகார் குடுக்கச் சொல்லேன்” என்றாள். பின்னால் இருந்த நானும் சிரிக்கவில்லை, ஏனென்றால் அந்த நோட்டீஸ்களை எல்லாம் தட்டச்சு செய்தவள் நான்தான், அந்தச் சமயத்தில் செம்பாறையில் நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் நான் அடித்த எழுத்துகளின் மேல் நின்றுகொண்டிருந்தன.

நான் செம்பாறை நகராட்சியின் புகார்ப் பிரிவில் ஒப்பந்தக் கணினி ஊழியர். எம்.காம். படித்திருக்கிறேன். என் மேசை இரும்பு அலமாரிக்கும் ஜன்னலுக்கும் இடையில் இருந்ததால் வருகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் பார்ப்பதில்லை, நான் அவர்களைப் பார்ப்பேன். எங்கள் நகராட்சியில் வீட்டுப் பழுது பற்றி ஒரு புகார் வந்தால் அதற்கு ஓர் எண் போடப்படும், எண் போட்ட பதினைந்து நாளுக்குள் நடவடிக்கை எடுக்கப்படும், நடவடிக்கை என்றால் நோட்டீஸ், நோட்டீஸ் என்றால் ‘தங்களுக்குச் சொந்தமான மேற்படி கட்டடம் இடிந்து விழும் அபாயகரமான நிலையில் உள்ளதால் உடனடியாகப் பழுது நீக்கும்படி’ என்று தொடங்கி நான்கு வரியில் முடிவது, அதை உரிமையாளர் கையில் கொடுக்க வேண்டும், உரிமையாளர் கிடைக்காவிட்டால் அந்தக் கட்டடத்திலேயே எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும், ஒட்டியதும் புகார் மேல் நடவடிக்கை எடுக்கப்பட்டதாகிவிடும். செம்பாறையில் எந்தக் கட்டடத்தின் உரிமையாளரும் அய்யாக்கண்ணு போகிற நேரத்தில் கிடைத்ததில்லை. அய்யாக்கண்ணு என்பவர் எங்கள் அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டுகிறவர். இருபத்தாறு வருஷமாக ஒட்டுகிறார். வாளியில் மைதா பசை, தோளில் ஒரு துண்டு, சைக்கிள்.

தவமணி அக்கா முதல் முறை வந்தது ஆடி மாதம். அவர் நகராட்சித் தாய்சேய் விடுதியில் உதவியாளராக இருந்தார், இந்த ஊரில் பிறந்த பிள்ளைகளில் பாதிப்பேரை முதலில் குளிப்பாட்டியவர் அவர்தான் என்று சொல்வார்கள், நகராட்சி ஊழியர் குடியிருப்பில் ஆறாம் எண் வீட்டில் தனியாக இருந்தார், புருஷன் இல்லை, ஒரே மகள் பூங்கோதையைப் பக்கத்து ஊரில் கட்டிக்கொடுத்திருந்தார். வீட்டின் தெருப்பக்கத்துச் சுவர் வெளியே சாய்கிறது என்பது அவருடைய புகார். நான் எண் போட்டேன். எங்கள் தலைமை எழுத்தர் சுந்தரவதனன் மனுவை இரண்டு முறை படித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்தாம்மா தவமணி, இது நம்ம கட்டடமாச்சே.”

“ஆமா சார். நம்ம கட்டடம்தான். அதான் நம்ம ஆபீசுக்கு வந்தேன்.”

“அப்ப உரிமையாளர் யாரு?”

“நகராட்சி.”

“நகராட்சின்னா ஆணையர். நோட்டீஸ் ஆணையருக்குப் போகணும். அனுப்புறதும் ஆணையர்தான்.” அவர் கொஞ்சம் யோசித்தார். சுந்தரவதனன் யோசிப்பது வெற்றிலையை மெல்வது மாதிரி, வாய் அசையும். “ஆணையர்கிட்ட நேர்ல கொண்டுபோய்க் குடுத்தா, இதென்னன்னு கேப்பாரு.”

“கேக்கட்டுமே சார்.”

“கேக்கக் கூடாதும்மா. கேட்டா பதில் சொல்லணும்” என்றவர் என் பக்கம் திரும்பாமலே, “உரிமையாளர் நேரில் காணப்படாததால் கட்டடத்தில் ஒட்டலாம்னு அடிம்மா” என்றார். அப்போது ஆணையர் அடுத்த அறையில் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. நான் அடித்தேன். ஆணையர், செம்பாறை நகராட்சி என்பவரிடமிருந்து ஆணையர், செம்பாறை நகராட்சி என்பவருக்கு அந்த நோட்டீஸ் போனது, அய்யாக்கண்ணு அதைச் சாய்கிற சுவரில் ஒட்டினார்.

பதினைந்து நாளில் உரிமையாளர் பதில் அனுப்பவில்லை. எனவே நினைவூட்டு நோட்டீஸ். தவமணி அக்கா ஒவ்வொரு திங்கட்கிழமையும் மனு நாளில் வந்தார், ஒவ்வொரு மனுவும் புது எண் பெற்றது, ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு நோட்டீஸ், ஒவ்வொரு நோட்டீஸுக்கும் ஒரு நினைவூட்டு, உரிமையாளரின் அலட்சியம் பற்றிச் சுந்தரவதனனே உண்மையாக வருத்தப்பட ஆரம்பித்தார், “எத்தனை தடவை எழுதுறது, ஒரு மரியாதைக்காவது பதில் போட வேண்டாமா” என்றார். ஐப்பசி முடிவதற்குள் அந்தச் சுவரில் இருபத்து மூன்று நோட்டீஸ்கள் ஒன்றன்மேல் ஒன்றும் ஒன்றை ஒட்டி ஒன்றுமாகச் சேர்ந்து செங்கல்லே தெரியாமல் மூடிவிட்டன.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தது. மழை விட்ட நான்காம் நாள் காலை தவமணி அக்கா விடுதிக்குக் கிளம்புவதற்கு முன் வீட்டைக் கூட்டும்போது உள்பக்கமிருந்த மண்ணும் செங்கல்லும் சுண்ணாம்பும் கரைந்து வாய்க்காலோடு போயிருப்பதைப் பார்த்தார். சுவர் மட்டும் நின்றது. நோட்டீஸ்கள் நின்றன. அவர் விரலால் தொட்டுப் பார்த்தபோது பத்தாம் வகுப்புப் பாடப்புத்தக அட்டைபோலக் கொஞ்சம் உள்வாங்கித் திரும்பி வந்தது. தெருவில் பால்காரர் போகிற நிழல் காகிதத்தின்மேல் ஊர்ந்தது, அபாயகரமான என்ற சொல் தலைகீழில்லாமல் ஆனால் வலமிடமாக மாறி, வெயில் பட்டு, அவருடைய அரிசி டின்னின்மேல் விழுந்தது. அவர் துடைப்பத்தை வைத்துவிட்டு நேராக எங்களிடம் வந்தார்.

“சார், செவுரு விழுந்துருச்சு.”

ஓவர்சியர் கோதண்டம் அனுப்பப்பட்டார். கோதண்டம் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்த மனிதர், எதையும் வேகமாகச் செய்ய மாட்டார், எதிலும் மை சிந்த மாட்டார், களத்துக்குப் போய் வந்தால் நோட்டில் ஒரு வரி எழுதுவார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

“நிக்குது சார்” என்றார்.

“என்ன நிக்குது? செங்கல்லு எங்க?” என்றார் தவமணி.

“செங்கல்லு இல்லம்மா. செவுரு நிக்குது. நான் சாஞ்சு பாத்தேன்.”

“நோட்டீஸ்லதான சாஞ்சீங்க?”

“நோட்டீசோ என்னவோ. கூரைய தாங்குதில்ல?”

சுவர் நிற்கிறது என்று நோட்டில் எழுதினார். அது பொய்யில்லை. அன்று மாலை மணல் லாரி ஒன்று பின்னால் வரும்போது அந்தச் சுவரில் இடித்து, லாரியின் பின்விளக்கு உடைந்தது. எங்கள் ஊர் மாடுகள் சுவரொட்டிகளைப் பசைக்காகக் கிழித்துத் தின்று வளர்கிறவை, அவை ஆறாம் எண் வீட்டுக்கு வந்து, மோந்து பார்த்து, ஒரு நொடி படித்ததுபோல நின்றுவிட்டுப் போயின.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்ல வேண்டும். முதல் வாரம் வந்து தொட்டுப் பார்த்தார்கள். இரண்டாம் வாரம் கற்பூரம் கொளுத்தலாமா என்று ஒருவர் கேட்டதற்கு, அரசாங்கக் காகிதம், நெருப்பு ஆகாது என்று அய்யாக்கண்ணு சொல்லிவிட்டார். மூன்றாம் வாரம் அக்கம்பக்கத்தார் தங்கள் சுவர்களைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்கள், செங்கல்லின் சத்தம் அவர்களுக்குத் திருப்தியாக இல்லை. அதன் பிறகு புகார்கள் வர ஆரம்பித்தன. ஒருவர்மேல் ஒருவர் கோபத்தில் கொடுக்கிற பழைய மாதிரிப் புகார்கள் இல்லை. சம்பந்தப்பட்டவரே புகார்தாரரை அழைத்துக்கொண்டு வந்து, டீ வாங்கிக் கொடுத்து, பேனாவைத் திறந்து கையில் கொடுத்து, “என் வீட்டப் பத்தி நல்லா எழுதுங்கண்ணே, மொட்ட மாடி விரிசலயும் சேத்துக்கங்க” என்று பக்கத்தில் நின்று எழுதி வாங்கினார்கள். புது வீடு கட்டியவர்கள் கடப்பாரையால் ஓரிடத்தில் பிளந்துவிட்டு வந்தார்கள். வாடகைக்கு வீடு என்கிற அட்டைகளில் நோட்டீஸ் ஒட்டியது என்று ஒரு வரி சேர்ந்தது. பெண் கேட்டு வந்தவர்கள், மாப்பிள்ளைக்குச் சொந்த வீடு, நான்கு பக்கமும் புகார் என்றார்கள்.

கிழக்குத் தெருவில் ஒரே காம்பவுண்டில் இருந்து பன்னிரண்டு வருஷமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி இருவரில், தம்பி மனைவி எங்கள் அலுவலக வாசலில் அண்ணனை மடக்கியதை நான் ஜன்னல் வழியே பார்த்தேன்.

“மாமா, எங்க வீட்டு மேல ஒரே ஒரு புகார் குடுங்க. பக்கத்து வீட்டுக்காரர் நீங்க குடுத்தாதான் செல்லுமாம்.”

“நான் ஏன் குடுக்கணும்?”

“எங்க சாக்கடத் தண்ணி உங்க பக்கம் வருதுன்னு ஊரெல்லாம் சொல்லுவீங்களே.”

“ஊர்ல சொல்லுவேன். எழுதிக் குடுத்து உங்க வீட்ட நிக்க வெக்க மாட்டேன். உங்க வீட்ல ஒரு குறையும் இல்ல, போம்மா.”

கொத்தனார்கள் சங்கமாக வந்து, புகார்களைப் பற்றி ஒரு புகார் கொடுத்தார்கள். அதற்கும் எண் போட்டோம். நடவடிக்கையாகச் சங்கக் கட்டடத்தில் நோட்டீஸ் ஒட்டப்பட்டது, அதற்குப் பிறகு அவர்கள் வரவில்லை. அச்சகக்காரர் ஒருவர் அதே நான்கு வரியை அடித்து, அய்யாக்கண்ணுவின் பசையையே வாங்கி ஒட்டிப் பார்த்தார், அடுத்த நாள் பசு தின்றுவிட்டது. கோவில் திருவிழாச் சுவரொட்டி, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு எதுவும் ஒரு செங்கல்லைக்கூடத் தாங்கவில்லை. அனுப்புகை எண்ணும் வட்ட முத்திரையும் வேண்டும் என்று தெரிந்தது. மை மங்கிய முத்திரை விழுந்த வீடுகளில் அந்த இடத்தில் மட்டும் லேசாக ஒழுகியது, அவர்கள் சுந்தரவதனனிடம் வந்து முத்திரையை இன்னொரு தரம் அழுத்தி வாங்கிப் போனார்கள். சுந்தரவதனன் நடக்கிற நடையே மாறிவிட்டது. முப்பது வருஷமாக, எழுதி எழுதி என்ன நின்றது என்று வீட்டில் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்.

இந்த ஊரில் சுவர் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தவர் தவமணி அக்கா ஒருவர்தான்.

பூங்கோதை உண்டாகியிருந்தாள். ஒன்பதாம் மாதம் பங்குனியில் வளைகாப்புப் போட்டுத் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். தை மாதத்தில் சம்பந்தியம்மா வீட்டைப் பார்த்துப் போக வந்தார், நல்ல மனுஷி, சண்டைக்காரி இல்லை, காபியைக் குடித்தார், காகிதச் சுவரைக் கையால் தடவினார், பலமாகத் தள்ளிக்கூடப் பார்த்தார்.

“செவுரு ஆடல சம்பந்தி. நான் குத்தம் சொல்ல வரல” என்றாராம். “ஆனா அபாயகரமானதுன்னு முப்பது தடவ எழுதியிருக்கிற செவுத்துக்குப் பக்கத்துல பச்சப் புள்ளய எப்படிப் படுக்க வெக்கிறது? எங்க வீட்டுல ஆம்பளைங்க படிக்கத் தெரிஞ்சவங்க. செங்கச் செவுரு வெச்சிட்டுச் சொல்லி அனுப்புங்க, கூட்டிட்டு வந்து விடுறோம். இல்லன்னா பிரசவம் அங்கேயே ஆகட்டும்.”

இதை எங்கள் அலுவலகத்தில் சொன்னபோது தவமணி அக்காவின் குரல் உயரவில்லை. “ஊருக்கெல்லாம் புள்ளயக் குளுப்பாட்டி அவங்கவங்க கையில குடுத்தவ சார் நானு. என் பொண்ணு புள்ளய யாரோ குளுப்பாட்டுவாங்க, நான் பஸ் ஏறிப் போயி வாசல்ல நின்னு பாத்துட்டு வரணும். ஒட்டினது போதும். கட்டுங்க.”

“ஒட்டாம நடவடிக்கை எடுத்ததா எப்படிம்மா காட்டுறது?” என்றார் சுந்தரவதனன், நிஜமான அக்கறையோடு. “நிக்கிற செவுத்துக்கு மதிப்பீடு போட்டா தணிக்கைல கேப்பாங்க. வேற யாருக்கும் இல்லாத செவுரு உனக்கு இருக்கு. நாப்பது நோட்டீஸ். ஊர்லயே கெட்டியான வீடு.”

நாற்பத்தொன்றாவது நோட்டீஸை நான் அடித்தேன்.

மாசி மாதத்தில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. மாதம் முடிவதற்குள் ஒரு புகாரும் நிலுவையில் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் முடித்துவைத்து, முடித்தவற்றின் நோட்டீஸ்களை இருபத்து நான்கு மணி நேரத்தில் அகற்றி, அகற்றிய படத்தைக் கணினியில் ஏற்ற வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள். சுந்தரவதனன் அன்று மதியம் சாப்பிடவில்லை. மறுநாள் காலை முகம் தெளிந்து வந்தார். தொடர் கண்காணிப்பில் உள்ளவை என்று ஒரு புது அட்டவணை போடச் சொன்னார், நானூற்றுப் பதினொன்றும் அதற்குள் போயின, நிலுவை என்கிற பத்தி காலியானது, நோட்டீஸ்கள் இருந்த இடத்தில் இருந்தன. ஆறாம் எண் வீட்டை மட்டும் அதில் சேர்க்க முடியவில்லை. நகராட்சியை நகராட்சியே கண்காணிக்கிறது என்று எழுதினால் யார் யாரைக் கண்காணிக்கிறார் என்று தணிக்கையில் கேட்பார்கள். அந்த ஒன்றை முடித்தே ஆக வேண்டும், முடிப்பதற்குப் புகார்தாரர் திருப்தி என்று சொல்ல வேண்டும்.

அந்த வேலை என்னுடையது. தெருவிளக்கு, சாக்கடை, நாய் என்று எல்லாப் புகார்களுக்கும் நான்தான் தொலைபேசியில் கேட்பேன். உங்கள் புகார்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கை திருப்தியா என்று மெதுவாகக் கேட்பேன், என் குரல் அவர்களுக்குச் சரியாகக் கேட்காது, என்ன என்பார்கள், திருப்தியா என்பேன், சரி சரி என்று வைத்துவிடுவார்கள். சரி என்றால் திருப்தி. தவமணி அக்காவை நான்கு நாள் கேட்டேன். நான்கு நாளும், “இல்ல கண்ணு” என்று நிதானமாகச் சொல்லி, நான் வைக்கும்வரை காத்திருந்தார்.

எனக்கு மதிய உணவு நேரத்தில் பேச ஆள் இல்லாததால் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கிற பழைய சுற்றறிக்கைகளைப் படிப்பேன். அதில் ஒன்று, பழுப்பேறி, ஓரம் செல்லரித்தது, நகராட்சிக்குச் சொந்தமான வீடுகளைப் பற்றியது. சாய்ந்த சுவருக்கு நோட்டீஸ், அது எங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்குக் கீழே, சுவர் முழுதாக விழுந்துவிட்டால் இரண்டு வழிகளில் ஒன்றை அந்த இடத்திலேயே ஓவர்சியர் எழுத வேண்டும் என்று இருந்தது. ஒன்று, சுவர் இருந்த இடத்தை அளந்து எழுதினால், யார் அனுமதியும் இல்லாமல் அவசரப் பணியாக ஏழு நாளில் செங்கல் சுவர் எழுப்ப வேண்டும். மற்றொன்று, குடியிருக்கத் தகுதியற்றது என்று ஒட்டினால், குடியிருப்பவர் மூன்று நாளில் வெளியேற வேண்டும். நான் அதை மூன்று முறை படித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை தவமணி அக்கா மனுவோடு வந்தபோது, நான் எழுந்து போய், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் அவரை நிறுத்தினேன். வேலைக்குச் சேர்ந்த பதினான்கு மாதத்தில் நானாகப் போய் ஒருவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை, என்ன சொல்ல வேண்டும் என்று மனதில் வரிசைப்படுத்தி வைத்ததெல்லாம் போய்விட்டது.

“அக்கா, திருப்தின்னு சொல்லிடுங்க.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “உன்னையும் சொல்லச் சொல்லி அனுப்புனாங்களா?”

“இல்லக்கா. திருப்தின்னா நோட்டீஸக் கிழிக்கணும். கிழிச்சா செவுரு விழும். விழுந்ததுக்குதான் செவுரு கட்டுவாங்க. நிக்கிறதுக்குக் கட்ட மாட்டாங்க.” சுற்றறிக்கையை மடித்து இடுப்பில் செருகியிருந்தேன், எடுத்துக் காட்டினேன். இரண்டு வழியையும் படித்துச் சொன்னேன். மறைக்கவில்லை.

“ரெண்டுல எத எழுதுவாரு கோதண்டம்?”

“தெரியலக்கா.”

“இத்தன வருஷத்துல அவரு என்னதான் எழுதியிருக்காரு?”

“நோட்டீஸ் ஒட்டப்பட்டதுன்னு எழுதுவாரு.”

தவமணி அக்கா டிரம்மிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தார். “மூணு நாளுல வெளிய போன்னா எங்க போவேன்? இந்த வீடும் இல்லன்னா பிரசவத்துக்கு அவள ஒரு நாள்கூடக் கூப்பிட முடியாது” என்றார். பிறகு, “நீ ரொம்ப மெதுவா பேசுற கண்ணு. நாளைக்கு போன்ல கேக்கும்போது சத்தமா கேளு” என்று சொல்லிவிட்டு, கொண்டுவந்த மனுவைக் கொடுக்காமலே போனார்.

மறுநாள் சுந்தரவதனன் ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றார். நான் கேட்டேன். அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்தது, இரண்டாவது விசில் அடித்தது.

“திருப்தி” என்றார் தவமணி அக்கா.

சுந்தரவதனன் எல்லோருக்கும் டீயும் மெதுவடையும் சொன்னார். செம்பாறை நிலுவை இல்லாத நகராட்சி ஆனது. நோட்டீஸை அகற்றினால் என்ன ஆகும் என்று உதவிப் பொறியாளருக்கு அதற்குப் பிறகுதான் உறைத்தது. அவர் யோசித்து, குடியிருக்கத் தகுதியற்றது என்கிற நோட்டீஸை என்னிடமே அடிக்கச் சொல்லி, தயாராக இருக்கட்டும், சுவர் விழுந்ததும் ஒட்டிவிட்டு வாருங்கள் என்று கோதண்டத்திடம் கொடுத்தார். நான் அடித்தேன்.

புதன்கிழமை பத்து மணிக்குக் கோதண்டம் ஸ்கூட்டரில் போனார், அய்யாக்கண்ணு சைக்கிளில் போனார், அகற்றிய படம் எடுக்க நான் நடந்து போனேன். தெரு முழுக்க ஆட்கள். பலர் தங்கள் வீட்டு நோட்டீஸ்களைக் காம்பவுண்டுக் கதவைப் பூட்டிப் பத்திரப்படுத்திவிட்டு வந்திருந்தார்கள். “இருக்கிற வீட்ட வெச்சுக்கத் தெரியல பாரு” என்றாள் ஒருத்தி. “நாப்பத்தொண்ணு. எனக்கு மூணுதான் இருக்கு, நான் என்ன குறைஞ்சா போனேன்” என்றார் ஒருவர். அக்கா பாத்திரங்களையும் கட்டிலையும் உள்ளே தள்ளி வைத்து, கூரைக்கு இரண்டு சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்திருந்தார், விடுதியில் கூட வேலை செய்கிற பெண்கள் வந்து பிடித்துக் கொடுத்தார்களாம்.

அய்யாக்கண்ணு துணியை நனைத்துத் தேய்த்தார். வரவில்லை. கரண்டியால் சுரண்டினார், கரண்டி வளைந்தது. வெந்நீர் கேட்டு வாங்கி ஊற்றினார், காகிதம் இன்னும் வெளுத்துப் பளபளத்தது. “ஒட்டத்தான் தெரியும் சார் எனக்கு. இருபத்தாறு வருஷத்துல ஒண்ணக்கூட உரிக்கச் சொன்னதில்ல” என்று கோதண்டத்திடம் சொல்லி, நகத்தைப் பார்த்துக்கொண்டே தள்ளி நின்றார்.

தவமணி அக்கா உள்ளேயிருந்து வந்தார். ஈரக்கையை முந்தானையில் துடைத்தார். சுவரின் மேல்மூலையில், ஆடி மாதத்து முதல் நோட்டீஸின் ஒரு நுனி கொஞ்சம் எழும்பியிருந்தது, அதை இரண்டு விரலால் பிடித்தார், பிறந்த பிள்ளையின் உடம்பிலிருந்து மாவு போன்ற பூச்சை எடுப்பதுபோல மெதுவாக, இழுக்காமல், தன் பக்கமாகச் சாய்த்தார். நாற்பத்தொரு நோட்டீஸும் ஒரே தாளாக, கிழியாமல், சத்தமில்லாமல் உரிந்து அவர் கைமேல் வந்து மடிந்தன. அவற்றுக்குப் பின்னால் ஒன்றும் இருக்கவில்லை. அடுப்பு தெரிந்தது, அரிசி டின் தெரிந்தது, கட்டிலின்மேல் மடித்து வைத்த புதுப் பாயும் பச்சைப் பிள்ளைக்கு என்று கிழித்து வைத்த பழைய வேட்டித் துணிகளும் தெரிந்தன, தெருவில் நின்ற அத்தனை பேரும் அவற்றைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள். சவுக்குக் கட்டைகள் ஒரு முறை முனகிவிட்டு நின்றன.

அய்யாக்கண்ணு பசை வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோதண்டம் புது நோட்டீஸைப் பையிலிருந்து எடுத்தார். இருவரும் சுற்றிலும் பார்த்தார்கள்.

“எதுல சார் ஒட்டுறது?” என்றார் அய்யாக்கண்ணு.

கோதண்டம் தொலைபேசியில் சுந்தரவதனனைக் கேட்டார். பதில் எங்களுக்கும் கேட்டது. “இருக்கிற செவுத்துல ஒட்டுய்யா. உள்பக்கம் போயி ஒட்டு.”

“சார், பொண்ணு பிரசவத்துக்கு வருது” என்றார் தவமணி அக்கா. கெஞ்சுகிற மாதிரி இல்லை, நேரம் சொல்வதுபோலச் சொன்னார். “பங்குனி பதினாலு.”

“எனக்குத் தெரியும்மா” என்றார் கோதண்டம். “என் பேரன நீதான குளுப்பாட்டின.” சொல்லிவிட்டு நோட்டீஸை முழுவதும் படித்தார், முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மடித்தார், திரும்பப் பிரித்தார். தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை. வெயிலில் அவருடைய வழுக்கையில் வியர்வை துளித்துளியாக எழும்பியது. அய்யாக்கண்ணு வாளியைத் தரையில் வைத்தார்.

கோதண்டம் ஸ்கூட்டரின் பெட்டியைத் திறந்து, நோட்டீஸை உள்ளே போட்டு, துருவேறிய ஓர் அளவு நாடாவை எடுத்து, அதன் முனையை என்னிடம் கொடுத்து, “கெட்டியாப் புடிம்மா” என்று சொல்லிவிட்டு, மறு பக்கத்தை இழுத்துக்கொண்டு சுவர் இருந்த இடத்தின் அந்தக் கோடிவரை நடந்துபோய், குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பதினோரு அடி ஐந்து அங்குலம் என்று நோட்டில் எழுதினார்.